திரேசாக்கா உழக்கிய வேகம்

எங்கள் பாடகர் குழுவிலிருக்கும் றெஜினா விடியற்காலையில் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை, திரேசாக்கா மோசம் போயிட்டா. நித்திரையிலையாம்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "அடக்கத்துக்குப் பாட்டை ஆர் எடுக்கிறது?" என்று கேட்டாள். ஆளுக்காக அழ முன்னமே இதுவா கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் கோயிலில் பாடிய உங்கள் எல்லோருக்கும் அதுதான் முதலில் தோன்றியிருக்கும்.

பாட்டை எடுப்பது என்றால் முதல் வரியைத் தனியே பாடி, குழுவுக்கு வேகத்தைக் கொடுப்பது. அந்த வேலையைத் திரேசாக்காவைத் தவிர வேறொருவரும் செய்ததில்லை. நாரந்தனையிலிருந்து கடற்கரைக் கோயிலுக்குச் சைக்கிளில் வருவார். வழிநெடுக அன்றைய பாட்டைப் பாடுவார். ஒரு தாளத்துக்குப் பெடலில் ஓர் உழக்கு. மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வந்து, கால் கொண்டுவந்த வேகத்திலேயே தொடங்கிவிடுவார்.

வில்லங்கம் காற்றில்தான் இருந்தது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் அவரை முதுகில் தள்ளும். வாடை முகத்தில் அறையும். ஆவணியில் மாதாவின் திருநாளன்று பாட்டு பறந்தது. மாதாவின் சுரூபத்தைத் தூக்கியவர்கள் பாட்டைப் பிடிக்க ஓடினார்கள். "மாதாவுக்குத் தலை சுத்தப்போகுது அக்கா" என்றேன். மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கோ வாடைக் காற்று. பாலன் பிறந்த பாட்டு செத்தவீட்டுப் பாட்டாக இழுபட்டது.

பொறுக்க முடியாமல், என் கீபோர்டில் தாளம் தட்டும் பொத்தானை அமுக்கி, "இதைக் கேட்டுத் தொடங்குங்கோ" என்றேன். தலையைச் சரித்துக் கேட்டார். "உம்மடை பெட்டி மூச்சு விடுறேல்லை. பாடுறவை விட வேணும். இதோடை பாட ஏலாது" என்றார். அவர் விடாக்கண்டர், நான் கொடாக்கண்டன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நத்தார்க் காலையில் அவருடைய சைக்கிள் கோயிலைக் கடந்து போனது. "அக்கா, கோயில் இஞ்சை!" என்று கத்தினேன். அவர் நிற்கவில்லை. அப்பால் வள்ளங்கள் கட்டும் இறங்குதுறை வரை போய்த் திரும்பி, வாடையை முதுகில் வாங்கிக்கொண்டு பாடியபடி வந்தார். இறங்கியதும் தொடங்கினார். அன்றுதான் பாலன் உண்மையிலேயே பிறந்தார். "பெட்டியைத் திருப்பி என்ன செய்யிறது? சைக்கிளைத் திருப்பலாம்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் குறும்பை எண்ணினால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அடக்கப் பாட்டுக்கு அவரிடம் ஒரே கட்டளைதான் இருந்தது. "ஆளை மெல்லக் கொண்டு போங்கோ. பாட்டை இழுக்காதையுங்கோ. அழுறவைக்கும் மூச்சு எடுக்க இடம் வேணும்." அதை அவருடைய அடக்கத்திலேயே கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அடக்கத்தன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் அந்தோனி அண்ணை சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் வாய் திறக்க முன்னமே, "கொண்டு போம். முந்தநாள்தான் சில்லுக்குக் காத்து அடிச்சவ" என்றார்.

நான் சைக்கிள் ஓடிப் பல காலம். முழங்கால் முனகியது. சோளகம் தள்ளத் தள்ள, நான் பாடிய அடக்கப் பாட்டு ஓடியது. அதில் அழ இடமே இல்லை. கோயிலைக் கடந்து இறங்குதுறைக்குப் போய்த் திரும்பினேன். எதிர்காற்றில் பாதி வரியிலேயே மூச்சு அறுந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கால் தானாகத் தளர்ந்தது. அழுதுகொண்டே ஒரு வரியை முழுதாகப் பாடிவிட்டேன். நிமிர்ந்தபோது கோயில் மதில் தெரிந்தது.

வேர்வையோடு உள்ளே போய், பொத்தானைத் தொடாமல் பாட்டை எடுத்தேன். றெஜினா விம்மினாள், மூச்சை எடுத்தாள், அடுத்த வரியில் வந்து சேர்ந்தாள். பிறகு அந்தோனி அண்ணை என் கையைப் பிடித்து, "நீர் தொடங்கேக்கை, அவ சைக்கிளாலை இறங்கின மாதிரிக் கிடந்தது" என்றார்.

சைக்கிளை அவர் திருப்பி வாங்கவில்லை. திரேசாக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுவும், காலில் ஒட்டிய அந்த வேகமும்தான். வருகிற நத்தார்க் காலையில் நான் கோயிலைக் கடந்து இறங்குதுறைப் பக்கம் உழக்கிக்கொண்டு போவதைக் கண்டால், கோயில் இங்கே என்று ஒருவரும் கத்தாதீர்கள்.