பெண்கள் பக்கத்து வெள்ளைக் குடை

அலமாரியை ஒழுங்குபடுத்தலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு ஒருநாளும் ஒழுங்கு வராது. ஏதாவது கையில் அகப்படும், அப்படியே உட்கார்ந்துவிடுவேன். போன வாரம் அகப்பட்டவை தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்புப் பெட்டிகள். மூடியைத் திறந்தால் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், நம்பமாட்டீர்கள், எனக்கு அத்தரும் பிரியாணியும் மணக்க ஆரம்பித்துவிட்டன.

பெட்டிகளில் ஒன்று கேமராவின் தலையில் உட்காரும். மற்றது தூரத்தில் வெள்ளைக் குடையோடு கம்பிக்காலில் நிற்கும் ஃப்ளாஷுக்கு அடியில். நான் பட்டனை அமுக்கினால் அங்கே வெளிச்சம் அடிக்கும்; நடுவில் வயர் கிடையாது. இதெல்லாம் ஒரு அதிசயமா என்பீர்கள். அதற்கு முன்பிருந்த வயரை நீங்கள் பார்த்ததில்லை. மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அது காலில் தடுக்கி, பாயச வாளியோடு விழுந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். எழுந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, நான் விழுந்தத எடுத்தியா?" என்பதுதான். எடுத்திருந்தேன்.

அந்தப் பாயசத்துக்குப் பிறகுதான் அண்ணன், துபாயிலிருந்த மாமா மகனிடம் சொல்லி இந்தப் பெட்டிகளில் இரண்டு ஜோடி வரவழைத்தான். தக்கலையில் இருந்த ஸ்டுடியோ அவனுடையது. என்னை அதில் சேர்த்ததே முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்காக. பெண்கள் இருக்கும் பகுதிக்குள் ஆண்கள் படமெடுக்க நுழைய முடியாது. "ஒனக்க திறமைக்கு ஒண்ணும் இல்ல, நீ பெண்ணாப் பொறந்ததுக்காக்கும் இந்த வேல" என்பான். பாசம் அவனுக்கு அப்படித்தான் வெளியே வரும்.

குளச்சலில் ஷமீமாவின் கல்யாணம். வீட்டுக்குள் பெண்கள், மதிலுக்கு அப்பால் பந்தலில் ஆண்கள். உள்ளே நான், வெளியே அண்ணன், ஆளுக்கொரு குடை. ஷமீமாவின் மாமி, அவள் வாப்பாவின் அக்கா, வாசலிலேயே என்னை நிறுத்தி நிபந்தனை போட்டுவிட்டார். படங்களை நானே பிரிண்ட் போட வேண்டும், நானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. சரி என்று தலையாட்டினேன். எனக்கு அது முதல் பெரிய வீடு. அங்கே நல்ல பேர் வாங்கினால் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வரை வீடுகள் திறக்கும். கெட்ட பேர் வந்தால் எல்லாக் கதவும் சாத்திவிடும்.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் வட்டிலாப்பம், அந்த முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த இனிப்பு, தின்றுகொண்டிருந்தேன். அப்போது குடை பளிச்சென்று மின்னியது.

மாமி என் கையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். மறுபடியும் மின்னியது.

"ஏட்டி, நீ ஒண்ணும் அமுக்கல்ல. பின்ன எப்பிடி மின்னிச்சு? குடைக்குள்ள எவன் இருக்கான்?"

அவ்வளவுதான். முக்காடுகள் முகத்தை மூடின. யாரோ ஒரு பெட்ஷீட்டைக் கொண்டுவந்து குடைமேல் போட்டார்கள். அது ஷீட்டுக்குள்ளும் மின்னியது. திருட்டுத்தனமாய்ப் படம் எடுக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். "படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சாமானத்தக் கெட்டு" என்றார் மாமி. வாயில் வட்டிலாப்பத்தோடு அழுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அழுகைக்கு நடுவில்தான் உறைத்தது. இரண்டு ஜோடிப் பெட்டியையும் ஒரே நாளில் பயன்படுத்துவது அன்றுதான் முதல் தடவை. ஒரு ஜோடியின் சைகை மற்ற ஜோடிக்குப் போகாமலிருக்க உள்ளே எண் மாற்றும் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. அண்ணன் பெட்டியைத்தான் பிரித்தானே தவிர, கூட இருந்த தாளைப் பிரிக்கவில்லை. இரண்டு ஜோடியும் வந்தபடியே ஒரே எண்ணில் இருந்தன. அவன் அங்கே அமுக்க, மதில் தாண்டி இங்கே மின்னுகிறது.

சொன்னேன். யாரும் நம்பவில்லை. கல்யாணப் பெண்தான் போனை எடுத்து, பந்தலிலிருந்த தன் அண்ணனை அழைத்தாள். "காக்கா, அந்தப் படக்காரர்ட்ட ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க." ஷீட்டுக்குள் மின்னியது. "இப்ப எடுக்காண்டாம்னு சொல்லுங்க." குடை சும்மா இருந்தது. "இனி எடுக்கச் சொல்லுங்க." மின்னியது. மாமி ஷீட்டை மெதுவாக உருவினார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ இங்க அமுக்கினா அங்க மின்னுமா?"

"மின்னும் மாமி."

"கொண்டா அத."

பட்டனைக் காட்டிக்கொடுத்தேன். அவர் அமுக்கிய அமுக்கலில், நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் தொண்டையைச் செருமும்போதெல்லாம் பந்தலில் வெளிச்சம் அடித்ததாம். அண்ணன் ஃப்ளாஷைத் தட்டித் தட்டிப் பார்த்தானாம். உள்ளே பெண்கள் சிரித்த சிரிப்பில் முக்காடுகள் நழுவின.

சுவிட்சை மாற்றப் போனேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. அந்த வருடங்களில் அது போகாத கல்யாணம் ஏது? மைக் செத்தது. பந்தல் பக்கத்து ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் அறையும் இருண்டது. அங்கே நிக்காஹ் தொடங்கும் நேரம். இங்கே ஒரு சத்தமும் வரவில்லை. ஷமீமா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, மாத்தாதீங்க. நிக்காஹ் நேரத்துல காக்கா போன் எடுக்கமாட்டாங்க. அவங்க சம்மதம் சொல்லும்போ ஒங்க அண்ணன் படம் எடுப்பாங்கல்லியா?"

எடுப்பான். பிரசங்கம் நடக்கும்போது கேமராவைத் தொடமாட்டான். சம்மதம் சொன்னதும் விடாமல் அடிப்பான். ஃப்ளாஷ் ஓடுவது பேட்டரியில், கரண்ட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நான் கேமராவின் தலையிலிருந்து பெட்டியைக் கழற்றினேன். இல்லாவிட்டால் என் அமுக்கலிலேயே குடை பொய் சொல்லிவிடும். கேமராவை ஸ்டூலில் வைத்து, அவள் முகத்துக்கு நேரே லென்ஸைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். குடை இருட்டாகவே இருந்தது. மாமியின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை சம்மதம் சொல்வதற்கு நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மின்னியது. உடனே இன்னொரு தடவை. லென்ஸை மூடினேன். குலவை கிளம்பியது. நிக்காஹ் முடிந்ததென்று ஆள் ஓடிவந்து சொல்லும்போது நாங்கள் மாமி கொடுத்த கற்கண்டைத் தின்றுகொண்டிருந்தோம்.

இரண்டு மின்னலும் ஒரே படத்தில் பதிந்து, ஷமீமா இரண்டாக விழுந்திருந்தாள். தலை குனிந்த ஒருத்தி, அவளுக்குள்ளிருந்து குடையை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கும் இன்னொருத்தி. மாமி அதைத்தான் ஆல்பத்தில் முதலில் வைக்கச் சொன்னார். சொன்ன வாக்குப்படி கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். அழிக்கும்போது மனம் கேட்கவில்லை, ஆனாலும் அழித்தேன். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எந்த வீட்டு வாசலிலும் என்னை யாரும் நிறுத்தியதில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் சுவிட்சை மாற்றினான். அதன்பின் அவன் வெளிச்சம் அவனுக்கு, என் வெளிச்சம் எனக்கு. பிறகு இருட்டிலும் பார்க்கிற கேமராக்கள் வந்து ஃப்ளாஷே வேண்டாமென்றாயிற்று. போன மாதம் ஒரு மண்டபத்தில் பெண்கள் பக்கம் பெரிய திரை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் மூக்கு வியர்வை வரை தெரிந்தது. அவர் சம்மதம் சொன்னபோது மணப்பெண் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிகிறதே, அவள் ஏன் நிமிர வேண்டும்? ஒன்றுமே தெரியாமல், ஒரு குடையைப் பார்த்துக்கொண்டு அத்தனை பெண்களும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோமே, அதை மட்டும் அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.