டார்லா உட்காருவதில்லை

கார் முழுசாக நிற்பதற்குள் டார்லா கங்காஸ் இறங்கிவிடுவாள். இறங்கும்போதே கையில் பெயின்ட் சுரண்டி இருக்கும்; டுலூத் நகரத்து வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் அது அவள் மடியில்தான் பயணம் செய்திருக்கும். ஏரிப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். நேரே, சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி ஆவிக்குளியல் எடுக்கும் சவ்னா அறையின் வடக்குச் சுவருக்குப் போவாள். உரிந்து தொங்கும் பச்சைப் பெயின்டில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, சுவரோடு சேர்த்துத் தன்னைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக் கதவைத் திறப்பது, பைகளை இறக்குவது, கழிப்பறைக்கு ஓடுவது எல்லாம்.

"வேலைக்கு வந்திருக்கோம்!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்து உரக்க ஒரு அறிவிப்பும் உண்டு. பக்கத்து வீட்டில் பெரும்பாலும் ஆளே இருக்காது.

"யாருக்கு சொல்ற தாயே? வரிக்காரன் புதருக்குள்ள உக்காந்திருக்கானா?" என்பான் அவள் கணவன் வெய்னோ.

"உக்காந்திருந்தா எழுந்து வரட்டும். இன்னொரு சுரண்டி இருக்கு."

இது அவர்களுடைய சொந்த வீடு. கடன் முடிந்த வீடு. அந்த வீட்டின் படகுத்துறையில் இரண்டு மர நாற்காலிகள் ஏரியைப் பார்த்தபடி கிடக்கின்றன. ஒன்றில் வெய்னோ தூண்டிலோடு உட்கார்ந்து உட்கார்ந்து பலகை பளபளத்துவிட்டது. மற்றதில் மூன்று கோடைகாலமாகச் சிலந்திதான் குடியிருக்கிறது.

டார்லா முப்பது வருஷம் மாவட்ட அரசு அலுவலகத்தில் ஓட்டுநர் உரிமக் கவுன்டரில் இருந்தவள். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவராதவனிடம் அவள் எரிந்து விழுந்ததில்லை. "அப்படியா, பாவம்தான். அடுத்தவங்க வாங்க," என்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகையைத் திருப்பிவிட்டால் கவர்னரே வந்து நின்றாலும், "கவுன்டர் மூடியாச்சு. திங்கக்கிழமை வாங்க," தான். ஓய்வு பெற்ற பிறகு கவுன்டர் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெய்னோ இரண்டாவது துண்டு ஏலக்காய் ரொட்டிக்குக் கை நீட்டினால் டப்பாவை மூடிக்கொண்டே, "கவுன்டர் மூடியாச்சு," என்பாள். அவன் தாதுமண் ரயில் ஓட்டிய ஆள். நூறு பெட்டியை மலைச்சரிவில் நிறுத்தத் தெரிந்தவனுக்கு இவளை நிறுத்தும் வழி மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

இந்தப் பைத்தியம் எங்கே தொடங்கியது என்பது அவனுக்குத் தெரியும். மினியாப்பொலிஸ் நகரத்துப் பணக்காரர்கள் ஏரிக்கரையெல்லாம் வாங்கிப்போட, வீட்டு வரி ஏறியது. இரண்டு ஓய்வூதியத்தில் இரண்டு வீடு தாங்காது. சரி, கோடையில் வெளியாருக்கு வாடகைக்கு விடுவோம் என்று முடிவு செய்தார்கள். வாடகைக்கு விட்டால் அது தொழில். தொழிலில் செப்டிக் தொட்டி அடைத்துக்கொண்ட செலவையும் காப்பீட்டையும் நஷ்டமாகக் காட்டி வரியில் கழிக்கலாம். ஒரே நிபந்தனை: சொந்தக்காரர்கள் அங்கே இஷ்டத்துக்குத் தங்கக்கூடாது. வருஷத்தில் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது தொழில் இல்லை, உல்லாச வீடு என்று சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதல் வருஷமே தாண்டிவிட்டார்கள். தாங்கள் தங்கியதை மட்டும் எண்ணினார்கள். மீன் சீசன் தொடங்கும்போது டார்லாவின் தம்பி ரஸ்டி வந்து ஒரு வாரம் சும்மா படுத்துக் கிடந்ததை எண்ணவில்லை. இந்தப் பக்கத்தில் மே மாதம் மீன் சீசன் தொடங்கும் அன்று ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவனிடம் கூடப்பிறந்தவர்கள் வந்து விழுவது வழக்கம். அதை யார் தங்கல் என்று நினைப்பார்கள்? வரி பார்த்துக்கொடுக்கும் கெய்ல் நினைத்தாள். வரியில் கழித்துக்கொள்ள எதுவும் கிடையாது என்று ஆனது. அந்த வருஷத்து வரியைக் கட்ட வெய்னோ தன் படகின் மோட்டாரை விற்றான்.

அன்றிலிருந்து கூடப்பிறந்த பாசத்துக்கும் விதிமுறை வந்துவிட்டது.

"அக்கா, இந்த வருஷமும் வரேன். வேணும்னா வாடகை குடுத்துடறேன், போதுமா?" என்றான் ரஸ்டி தொலைபேசியில்.

"நீ முழு வாடகை குடுத்தாலும் நீ தூங்கற ராத்திரி என் கணக்குலதான் விழும். தம்பின்னா அப்படித்தான்."

"அப்ப யாரோ ஒருத்தன்னு எழுதிக்கோ."

"மூக்கைப் பாத்தாலே தெரிஞ்சுடும்டா. நாங்க வேலை செய்யற அன்னைக்கு வா. அன்னைக்கு வந்தா ஒண்ணும் இல்ல."

"கூலி இல்லாத ஆளு தேடறே. நீ பொழச்சுக்குவே அக்கா," என்று ரஸ்டி வைத்துவிட்டான். இப்போது அவன் ஏரிக்கு எதிர்க்கரையில் ஒரு விடுதியில் தங்குகிறான். இங்கிருந்து பார்த்தால் அவன் படகு தெரியும். கையாட்ட மாட்டான்.

தம்பியைத் தடுத்த டார்லா, முன்பின் தெரியாதவர்களுக்காகத் தலைகீழாக நிற்பாள். சனிக்கிழமை ஒரு குடும்பம் கிளம்பி அடுத்த குடும்பம் வருவதற்குள் விரிப்புகளைத் துவைத்து, குளிர்பெட்டியிலிருந்து எவனோ விட்டுப்போன பாதி ஊறுகாய் பாட்டிலை எறிந்து, சவ்னா கற்களில் பியர் ஊற்றியவன் எவன் என்று மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். மற்ற நாட்களில், தங்கியிருப்பவர்களின் புகாரோடு அவள் கைபேசி கூவும்.

"வெய்னோ, இதைக் கேளு. 'ராத்திரி பூரா ஏரியில ஏதோ அழுதுக்கிட்டே இருந்துச்சு. குழந்தைங்க தூங்கல. பாதி பணத்தைத் திருப்பிக் குடுங்க.'"

"லூன் பறவையா?"

"லூன் பறவைதான்."

"பறவையை நிறுத்தச் சொல்றானா?"

"நிறுத்தலைன்னா மூணு நட்சத்திரம்தான் போடுவானாம்." டார்லா கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துப் பதில் தட்டினாள். தட்டும்போதே வாயாலும் சொன்னாள்: "அப்படியா, பாவம்தான். பறவைங்க எங்களுக்கு முன்னாடியே குடிவந்தவங்க. காதுல வைக்கப் பஞ்சு, மேல் அலமாரில, இடது பக்கம்." உண்மையிலேயே அங்கே பஞ்சு வைத்திருந்தாள்.

வெய்னோவுக்கு இதெல்லாம்கூடப் பொறுக்கும். பொறுக்காதது அந்தப் பெஞ்சு விவகாரம். படகுத்துறைக்கு இறங்கும் வழியில் இருந்த பழைய பெஞ்சு இற்றுப்போயிருந்தது. இடுப்பு மூட்டு மாற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவனுக்கு நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஒரு இடம் வேண்டும். தேவதாரு மரம் வாங்கி, அழகாகச் சாய்மானம் வைத்து, புதுப் பெஞ்சு ஒன்று செய்யத் தொடங்கினான். டார்லா வந்து பார்த்தாள்.

"இது என்ன?"

"பாத்தா தெரியல? பெஞ்சு."

"இது மேம்பாடு. பழுது பாத்தா அது வேலை நாள். புதுசா செஞ்சா மேம்பாடு, அது வேலை நாள்ல சேராது. பழசையே ஒட்டுப்போடு."

"பழசுல ஒட்டுப்போட மரமே இல்லடீ, பூஞ்சைதான் இருக்கு!"

"ஒரு காலாவது நல்லா இருக்கும். பாரு."

ஒரு கால் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு காலை வைத்துக்கொண்டு, மற்ற மூன்று காலையும் பலகையையும் 'பழுது பார்த்து' ஒரு பெஞ்சை அவன் முடித்தபோது, அது நொண்டிக் குதிரை மாதிரி நின்றது. மீந்த புது மரத்தை டார்லா டுலூத்துக்குத் திருப்பி எடுத்துப்போனாள். கடையில் ரசீதோடு திருப்பியும் கொடுத்துவிட்டாள்.

அந்த நொண்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், போன ஆகஸ்டில், பக்கத்து வீட்டுப் பல் மருத்துவர் ஹாலோரன் தன் படகை ஒதுக்கி நிறுத்தி, வீட்டை விற்பதாக இருந்தால் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்ன தொகையை வெய்னோ இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். முன்பானால் சிரித்து அனுப்பியிருப்பான். அன்று சிரிக்கவில்லை.

"எதுக்கு வெச்சுக்கிட்டு இருக்கோம்?" என்று டார்லாவிடம் கேட்டான். அவள் ஏணியில் நின்று மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். "வாங்கினப்ப என்ன சொன்னே? ரெண்டு நாற்காலி போட்டு, சாயங்காலம் காப்பியோட உக்காருவோம்னு சொன்னே. மூணு வருஷமா உன் முதுகைத்தான் பாக்கறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் பக்கத்துல நீ உக்காரணும். உக்காரலைன்னா ஹாலோரனுக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். செப்டம்பர்ல தொழிலாளர் தினம் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை அவர் பதில் கேட்டு வருவாரு."

டார்லா குழாயிலிருந்து ஒரு கை ஊசியிலையை வாரிக் கீழே போட்டாள். "இந்த வருஷத்துக்கு நாள் மீதி இல்லை, வெய்னோ. பனிக்காலத்துல உன் பேரப்பிள்ளைங்க வந்து தங்கினதுல தீந்துபோச்சு."

அவ்வளவுதான். அவளுக்குக் கோபமா வருத்தமா என்றுகூடத் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது.

வெய்னோ கெய்லுக்குத் தொலைபேசி செய்தான். வரி விஷயத்தில் அவன் தானாகப் பேசியது அதுவே முதல் தடவை.

"கெய்ல், ஒரு மனுஷி தன் சொந்த நாற்காலியில ஒரு நாள் உக்காந்தா உங்க அரசாங்கம் கவிழ்ந்துடுமா?"

"என் அரசாங்கம் இல்ல வெய்னோ," என்றாள் கெய்ல். "ஆனா நீதான் உக்காந்துக்கிட்டு இருக்கியே, என்ன குறை?"

"நான் இல்ல, அவ."

"அவ எப்படி உக்காருவா? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது நாள் பூரா பழுது வேலை பாக்கணும். அப்படிப் பாத்தா அது வேலை நாள். அன்னைக்கு வீட்டு ஆளுங்க மீன் பிடிக்கலாம், தூங்கலாம், என்ன வேணா செய்யலாம். கணக்குல வராது."

வெய்னோ உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான்.

"இது தெரியாதா உனக்கு? மோட்டாரை வித்தீங்களே, அப்பவே என்கிட்ட வந்து அவ கேட்ட முதல் கேள்வியே இதுதான். 'நான் வேலை செஞ்சா வெய்னோ தூண்டில் போடலாமா?'ன்னா. போடலாம்னேன். 'அது போதும், அவனுக்கு இடுப்பு சரியில்ல, அவன்கிட்ட சொல்லிடாதே, அவனும் சுரண்டியைத் தூக்கிடுவான்'னா." கெய்ல் நிறுத்தினாள். "சொல்லிட்டேனா? சரி, போ. நான் சொல்லலைன்னு வெச்சுக்கோ."

அடுத்த சில நாட்கள் வெய்னோ மனதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். ரஸ்டியை வேலை நாளில் வரச் சொன்னாளே, அதுவும் இதுதானா? சொன்னால் என்ன இவளுக்கு? நாக்கு தேய்ந்துவிடுமா? மூன்று வருஷமாக அவன் உட்கார்ந்து உட்கார்ந்து பிடித்த மீனுக்கெல்லாம் அவள் ஏணியில் நின்றிருக்கிறாள். அவனோ அவளைக் கிறுக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். நினைக்க நினைக்க அவள்மேல்தான் எரிச்சல் வந்தது.

தொழிலாளர் தினம் முடிந்து வந்த ஞாயிறு காலை டார்லா கண் விழித்தபோது படுக்கையில் அவன் இல்லை. தலைமாட்டில் வைத்திருந்த சுரண்டியும் இல்லை. வெளியே வந்தாள். வெய்னோ ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சவ்னாவின் வடக்குச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றே?"

"பழுது. சாட்சிக்குப் படமும் எடுத்தாச்சு. இன்னைக்கு நான் வேலையாளு, நீ வீட்டு ஆளு. போய் உக்காரு."

டார்லா அவன் சுரண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "கெய்லுக்கு வாய் நீளம்."

"உனக்கு வாயே இல்ல. போ."

"இடுப்பு?"

"வாளி மேலதான் இருக்கு."

"நாரோட திசையில இழு. குறுக்கே இழுத்தா மரத்துல கீறல் விழும்."

"அப்படியா, பாவம்தான்," என்றான் வெய்னோ. "அடுத்தவங்க வாங்க."

அவள் உள்ளே போய்க் காப்பி போட்டாள். அவனுக்கு ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கினாள். சிலந்தியிடம் ஏதோ சொல்லி வலையைத் துடைத்தாள். உட்கார்ந்தாள். முதுகு நேராக, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தபடி, மருத்துவமனையில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். வெய்னோ சுரண்டும் சாக்கில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மதியத்துக்கு அவனே ரொட்டி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்குள் செருப்பு கழன்று, கால் தண்ணீருக்குள் போயிருந்தது.

சாயங்காலம் ஹாலோரனின் படகு வந்தது. துறைக்கு அருகில் வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். நாற்காலியில் டார்லாவைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் குழப்பம்.

"டார்லா, உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"வெய்னோ இன்னைக்குப் பதில் சொல்றேன்னாரு, அதான்…"

டார்லா திரும்பவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. "கவுன்டர் மூடியாச்சு," என்றாள். "திங்கக்கிழமையும் திறக்காது."

மேலே சுவரோரத்தில் சுரண்டும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு நாரின் திசையில், நீளமாக ஒரு இழுப்பு கேட்டது. படகு விலகிப் போனது. எதிர்க்கரைப் பக்கம் எங்கோ ஒரு லூன் அழத் தொடங்கியது.

டார்லா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த வெய்னோவின் நாற்காலியை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தாள். கோடை முழுக்க ஆடிக்கொண்டிருந்த அதன் கைப்பிடி இன்னும் ஆடியது. ஒரு தடவை மேலே திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையிலிருந்து பத்து சென்ட் நாணயம் ஒன்றை எடுத்து, எழுந்திருக்காமலே சாய்ந்து, தளர்ந்துபோன திருகாணியின் வெட்டில் அதை வைத்து மெல்லத் திருகினாள்.