விட்ட இடத்திலிருந்து

தம்பி கல்யாணத்துக்காகக் கைக்குழந்தையோடு மெயின்லேண்ட் போனபோது, மகளின் தடுப்பூசி அட்டையைத் தீவில் எங்கள் ஜங்லிகாட் வீட்டிலேயே விட்டுவிட்டேன். அட்டை இல்லாமல் அங்கே ஊசி போடத் தயங்கினேன். திரும்பும் கப்பலும் தள்ளிப்போக, அவளுடைய இரண்டாவது ஊசி ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது.

ஊர் வந்த பிறகும் நான் போகவில்லை. நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து போடுவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். முதல் ஊசிக்கே காய்ச்சலில் துவண்டு கிடந்தவளுக்கு, கூடுதலாக ஒரு குத்து வாங்கித்தர மனம் வரவில்லை.

மாடி வீட்டுக் குழந்தைக்கு, அந்த ஊசி தடுக்கும் கக்குவான் இருமல் என்று கேள்விப்பட்டதும்தான் பதறிப்போய் ஆட்டோ பிடித்தேன். சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் அழுதபடி சொன்னேன்.

"அரே, எதுக்கும்மா அழுற? போட்டது வீணாப் போகாது. உடம்பு அதை மறக்காது. விட்ட இடத்துலேருந்து போட்டாப் போதும். ஆனா அடுத்தது போடாம இருக்கிற வரைக்கும் பாதுகாப்பு அரைகுறைதான். இனிமே லேட் பண்ணாத, டீக் ஹை? சரியா?" என்றார் அவர், மகளின் தொடையைத் துடைத்து ஊசி போட்டுக்கொண்டே.

நல்லவேளை, அந்த இருமல் அவளை அண்டவில்லை.

இப்போது கப்பல் ஏறும்போது அவள் துணிகளுக்கு முன்னால் அந்த அட்டைதான் பைக்குள் போகிறது. எந்தக் கரையில் இருந்தாலும், உரிய நாளில் அங்கேயே ஊசி போட்டுவிடுகிறோம். அவள் வீறிட்டு அழுகிறாள். நானும் கூடவே கொஞ்சம் அழுதுவிட்டு, அடுத்த தேதியைக் கேட்டுக்கொள்கிறேன்.