லாபம், ரெண்டு, மூணு, நாலு

பியானோ படிக்கிற பிள்ளைகளுக்கு அம்மாவாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, ராஜினாமாவும் செய்ய முடியாது. பாட்டு, பரதம், கராத்தே என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் பஸ் ஏறுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களாவது வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஓரளவு புரிந்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தவள். அங்கே இருந்த ஒரே வாத்தியம் இரும்பு மணி.

நாங்கள் இருப்பது கச்சிராயபாளையம் பக்கம். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் ரேடியோ செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் மைக் கட்டப் போவார். கொஞ்சம் நிலமும் உண்டு. பெரியவள் நிவேதாவுக்குப் பதினொன்று, சின்னவன் தருணுக்கு ஏழு. இந்த இரண்டு பேரும்தான் என் முதலாளிகள்.

தையல் மிஷின் மேல் பியானோ

அவர் மைக் கட்டப் போகும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் புதுக் கீபோர்டு வாங்கியபோது, பிள்ளைகள் விளையாடட்டும் என்று பழையதை எங்கள் வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். விளையாட்டு முற்றிப்போய், கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் வகுப்பு நடத்தும் ஜெனி மிஸ்ஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சினிமாப் பாட்டு வாசிப்பார்கள் என்று நினைத்துத்தான் நான் சேர்த்தேன். மிஸ் சொல்லிக்கொடுப்பதோ வெள்ளைக்காரர்கள் எந்தக் காலத்திலோ எழுதிவைத்த சாஸ்திரிய சங்கீதம். பாட்டு நோட்டைத் திறந்தால் ஐந்து நூலில் வரிசையாகக் கொக்கி தைத்த மாதிரி இருந்தது. அந்தக் கொக்கியில் ஒன்றுகூட எனக்கு மாட்டவில்லை.

கீபோர்டு வைக்கத் தோதான உயரத்தில் வீட்டில் இருந்தது என் தையல் மிஷின் மேஜை மட்டும்தான். பெல்ட்டைக் கழற்றி, மிஷினை உள்ளே மடக்கி, மேலே பியானோவை ஏற்றினோம். தருண் உட்கார்ந்ததும் கால் தானாக மிதிப்பலகைக்குப் போனது. அன்றிலிருந்து மிதிக்காமல் அவனுக்குக் கை ஓடாது. தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்த மேலத்தெரு சுமதி, பாவம், அரை மணி நேரம் நின்று கேட்டாள். நல்லா இருக்கா என்று பெருமையாக விசாரித்தேன். "நல்லாதான்க்கா கீது, ஆனா வியாழக்கிழமை கல்யாணத்துக்கு நான் இதையா போட்டுக்கினு போறது?" என்றாள்.

வரப்பு

ஒரே பியானோவில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து வாசிப்பதற்கு நாலு கை வாசிப்பு என்று பேராம். அக்காவும் தம்பியும் என்று தெரிந்ததும் மிஸ் அதைத்தான் கொடுத்தார். வலது பக்கம் நிவேதா, இடது பக்கம் தருண். நடுவில் ஒரு கட்டை எல்லை. பங்காளிச் சண்டை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்தானே. முழங்கை இடிக்கும், நகம் கீறும், கீழே மிதிப்பலகைக்கும் தனியாக ஒரு வழக்கு நடக்கும். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒயர் சுற்றும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டி நடுக்கட்டையில் ஒட்டி, இதுதான் வரப்பு, யாரும் தாண்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். சமாதானம் வந்துவிட்டது என்று நான் ஜாக்கெட்டுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தேன். பாட்டிலேயே ஓர் இடத்தில் அக்காவின் கை வரப்பைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. தருண் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். "யம்மா, என் நெலத்துல பூந்து அறுத்துக்கினு போவுது இது."

பஸ் கம்பி

கரும்பு வண்டி முன்னால் போனால் எங்கள் டவுன் பஸ் நடந்துதான் போகும். அப்படி ஒரு சனிக்கிழமை, உட்கார இடமில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் முன் சீட்டுக் கம்பியைப் பியானோவாக்கிக்கொண்டார்கள். பஸ் பிரேக் போட்டால் நாலு கையும் ஒன்றாக நழுவும், மறுபடி சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு முதுகை நகர்த்திக்கொண்டார். டிக்கெட் போட வந்த கண்டக்டர் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நாலு கையும் தட்டிக்கினு இருக்குதே, புடிச்சிக்கினு நிக்கிறது யாரு?"

லாபம்

வீட்டில் வாசிக்கும்போது யாராவது பக்கத்தில் நின்று ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று சீராக எண்ண வேண்டும் என்று மிஸ் சொல்லியனுப்பினார். போனில் டிக் டிக் என்று அடிக்க ஏதோ இருக்கிறதாம். ஆனால் போன் என் வீட்டுக்காரரோடு ஏதாவது திருவிழாவுக்குப் போயிருக்கும். ஆக, எண்ணுகிற வேலையும் என் தலையில்.

நிறுத்தாமல், ஒரே வேகத்தில், சத்தமாக எண்ணுவதற்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: களத்தில் நெல் அளக்கிற எண்ணிக்கை. அதில் முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்லமாட்டோம். லாபம் என்றுதான் சொல்வோம். கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தேனா, யோசிக்காமல் அதுவே வந்துவிட்டது. லாபம், ரெண்டு, மூணு, நாலு. லாபம், ரெண்டு, மூணு, நாலு. அதுவரைக்கும் அக்காவுக்கு முன்னாலோ பின்னாலோ ஓடிக்கொண்டிருந்த தருணின் கை, அன்றைக்குத்தான் அவள் கையோடு சேர்ந்து விழுந்தது. அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? நாலு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "களத்துக்கு ஒரு தபாதான் லாபம் சொல்லுவாங்க செல்வி, நீ நாலு எண்ணிக்கைக்கு ஒண்ணு சொல்லிக்கினு கீறியே, நெல்லு எங்க?"

பட்டப்பெயர்

அந்த எண்ணிக்கை கள்ளக்குறிச்சி வரைக்கும் போய் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் அதுவரைக்கும் தனித்தனியாக வாசித்த இருவரையும் முதல்முறையாகச் சேர்த்து உட்காரவைத்து மிஸ் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று சொல்ல, நிவேதா வாசிக்க ஆரம்பித்தாள். தருண் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, இன்னும் லாபம் சொல்லவில்லையே என்றான். நிவேதாதான் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதாகிவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்த சிரிப்பில் அவள் முகம் சுருங்கிப்போனது. அடுத்த வாரமே அவளுக்கு 'லாபம் அக்கா' என்று பட்டப்பெயர். இனிமேல் வகுப்பில் அந்த வார்த்தையைச் சாகும் வரைக்கும் சொல்லமாட்டேன் என்று பஸ்ஸில் சத்தியம் செய்தாள்.

நான் வீட்டில் ஒன், டூவுக்கு மாறிப் பார்த்தேன். ஒன் என்றால் லாபம்தானே என்று தருண் யோசித்து முடிப்பதற்குள் த்ரீ வந்துவிடும். வேறு வழியில்லாமல் வீட்டில் மறுபடி லாபத்துக்கே வந்துவிட்டேன். மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். கோபப்படவில்லை, சின்ன வயதுதான் அவருக்கு, சிரிப்பை அடக்கத்தான் சிரமப்பட்டார். "நல்லவேளைக்கா, நீங்க அஞ்சு, ஆறுன்னு அளந்துக்கினே போவாம நாலோட நிறுத்தினீங்க" என்றார்.

ஸ்விட்ச் எங்கே

வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் மேடையேறி வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்று வருடாவருடம் உண்டு. அதற்கு முன்னால், ஒரு பள்ளிக்கூட ஹாலில் இருந்த நிஜப் பியானோவில் ஒத்திகை. கறுப்பாக, எருமை படுத்திருக்கிற மாதிரி இருந்தது. தருண் மைக் செட்காரர் பிள்ளை அல்லவா, உட்காரவில்லை. சுற்றிச் சுற்றி வந்தான். அடியில் குனிந்தான், பின்னால் எட்டிப் பார்த்தான், சுவரில் தடவினான். ஒயரும் இல்லை, ப்ளக்கும் இல்லை. கடைசியில் ஸ்விட்ச் எங்கே தாத்தா என்று ஹால் வாட்ச்மேனிடம் போனான். அவர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "நானும் ரெண்டு வருசமா தேடிக்கினுதான் கீறேன் தம்பி, கெடைச்சா எனக்கும் சொல்லு."

தலையாட்டு

மேடையில் யாரும் வாய்விட்டு எண்ணக் கூடாதாம். அக்கா மூச்சை இழுத்துத் தலையை ஒருமுறை ஆட்ட வேண்டும்; அந்த ஆட்டில் இருவரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். அன்றைய ஒத்திகையில் நிவேதா தலையை ஆட்டினாள். தருண் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி ஆட்டினாள். மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரமும் அப்படியே. மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நிகழ்ச்சியிலும் இப்படி ஆனால் அடுத்த வருடம் நிவேதாவைத் தனியாக வாசிக்க வைக்கலாம், சின்னவன் பயத்தில் இதை வெறுத்துவிடக் கூடாது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் தருண் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். பஸ்ஸில் கம்பியைத் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து மிதிப்பலகை மேல் காலை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தான். மிஷின் திரும்பக் கிடைத்தால் எனக்கு எவ்வளவு வேலை முடியும் என்று அதுவரைக்கும் எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு அவன் அதைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை. "இந்த தபாவும் நின்னுட்டா நீ மறுபடி மிஷின்லயே தெச்சிக்கோம்மா, நான் இனிமே தொடமாட்டேன்" என்றான்.

மேடை

நிகழ்ச்சியன்று ஹால் நிறைய ஜனம். வெள்ளிமலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து இறங்கியிருந்த ஒரு குடும்பம் எனக்கு இந்தப் பக்கம். மகள் வாசிப்பதைக் கேட்க வந்த களமருதூர் விவசாயி ஒருவர் எனக்குப் பின்னால். பியானோ சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரே மைக் கட்டியிருந்தார். சொந்தப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்ற ஆசையில் மைக்கைப் பெஞ்சுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டார். அது பிறகுதான் தெரிந்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். நிவேதா தலையை ஆட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருமுறை ஆட்டினாள்.  மேடை ஓரத்தில் மிஸ் எழுந்து நின்றார். தருணின் கால் பெஞ்சுக்கடியில் இல்லாத மிதிப்பலகையைத் தேடிக்கொண்டிருந்தது. பட்டப்பெயர் வைத்த பெண்கள் இருவரும் முதல் வரிசையில் இருந்தார்கள். நிவேதா அவர்களை ஒருமுறை பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு அவன் காதுக்குக் குனிந்தாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். மைக் அதை ஹால் முழுவதற்கும் சொன்னது: லாபம், ரெண்டு, மூணு, நாலு.

நாலு கையும் ஒன்றாக விழுந்தது. முன்னால் சிரிப்பு எழுந்தது; பின்னால் நெல் அளந்து பழகிய ஆட்கள் ஆகா என்றார்கள்; இரண்டு சத்தமும் பாட்டுக்குள் அமுங்கிப்போயிற்று. வரப்பு தாண்டுகிற இடத்தில் தருண் ஒதுங்கி அக்காவுக்கு வழி விட்டான். கடைசிக் கட்டை வரைக்கும் நான் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தேன். கை தட்டி ஓய்ந்ததும் களமருதூர்க்காரர் முன்னால் குனிந்து, ஒரு நெல்மணிகூடச் சிந்தாமல் அளந்துவிட்டார்கள் என்றார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

மேடையிலிருந்து இறங்கி வந்த நிவேதா முதல் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வந்த தருணுக்கு நன்றி சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. "அடுத்த தபா சீக்கிரம் சொல்லுக்கா, எவ்ளோ நேரம் குந்திக்கினு இருக்கிறது."

மிஷின் இன்னும் பியானோவுக்கு அடியில்தான் இருக்கிறது, சுமதியின் அடுத்த ஜாக்கெட்டும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் சம்பளமே இல்லாத இந்த உத்தியோகத்தில் எனக்கென்று வந்த வரும்படி அந்த ஒரு லாபம்தான்.