ஆறாவது பெயர்

என் மகன் டேனியலின் இடது தோளில் பதினேழு தையல். கட்டுப் பிரிக்கும்போது நர்ஸம்மா தள்ளி நிற்கச் சொல்லியும் கேட்காமல், கிட்டே போய் ஒவ்வொன்றாக எண்ணினேன். நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்தவன் நான். எழுபத்து நான்கு வயதாகிறது. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு எண்ணைத் தெரிந்தே தப்பாக எழுதிக் கொடுத்தேன். அந்தக் குழியிலிருந்து கர்த்தர் என்னை எப்படி வெளியே இழுத்தார் என்பதைச் சபையாருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டேனியலுக்கு ஒரே மகள், பெனிட்டா. திண்டுக்கல்லில் கல்லூரி முடித்தாள். ராணுவ அதிகாரிக்கான எழுத்துத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். அடுத்து பெங்களூரில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. ஓட்டம், கயிறு ஏறுதல், மனதைச் சோதிக்கும் எழுத்து, அதிகாரியோடு நேர்காணல் எல்லாம் அதில் உண்டு. நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு அறுபது சென்ட் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. கிணற்றோரத்து வேம்பில் கயிறு கட்டி, தினமும் காலையில் அங்கேதான் பயிற்சி செய்தாள்.

அந்தக் கிணறு பொதுக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி என் சித்தப்பாவின் பேரன் ராயப்பனுக்கு. வாரத்தில் மூன்று நாள் எங்கள் முறை, மூன்று நாள் அவர்கள் முறை, ஞாயிறு மோட்டார் ஓடாது. வெயில் கடுமையாகித் தண்ணீர் இறங்கியதும் ராயப்பன் எங்கள் முறையிலும் மோட்டார் போட்டான். டேனியல் ஃப்யூஸைப் பிடுங்கி வந்துவிட்டான். நானும் சும்மா இருக்கவில்லை. பூ எடுக்க வந்த பெண்கள் முன்னால், "திருட்டுத் தண்ணி குடிச்ச பூவுக்கு வாசம் எங்கிட்டு வரும்?" என்று கேட்டேன். அது அவன் காதுக்குப் போய்விட்டது.

நேர்முகத் தேர்வுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை, எங்கள் முறை. காலை ஆறு நாற்பது. டேனியல் மோட்டார் அறைக்குள் இருந்தான். பெனிட்டா கயிற்றின் உச்சியில் இருந்தாள். நான் கீழே கடிகாரத்தோடு நின்றேன். வரப்பில் ஐந்து பேர் வந்தார்கள். ராயப்பன், அவன் தம்பிகள் இருவர், மச்சினன்மார் இருவர். அரிவாள் ஒன்று, இரும்புக் குழாய் இரண்டு. மற்ற இருவர் கையில் கல்.

"ஏலே டேனியலு, வெளிய வாடா! ஃப்யூஸப் புடுங்குன கைய இன்னைக்கு நான் புடுங்குறேன்!"

டேனியல் வெளியே வந்ததும் முதல் குழாய் முழங்காலில் விழுந்தது. சரிந்தான். ராயப்பன் அரிவாளை இறக்கினான். தோளில் சதை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இரத்தம் மோட்டார் அறைச் சுவரில் தெறித்தது. நான் குறுக்கே பாய்ந்தேன். யாரோ நெஞ்சில் உதைத்தார்கள், மல்லிகைச் செடிக்குள் விழுந்தேன். ராயப்பன் மறுபடி ஓங்கினான்.

பெனிட்டா கயிற்றிலிருந்து அப்படியே குதித்தாள். கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்து, ஓங்கிய கையின் மணிக்கட்டில் அடித்தாள். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். அரிவாள் கீழே விழுந்தது. அவள் இரண்டாவது அடிக்கு ஓங்கினாள். "போடு தாயி! மண்டையில போடு!" என்று கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன். அவள் அடிக்கவில்லை. அரிவாளைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு அப்பாவின் தோளைத் துண்டால் அழுத்திப் பிடித்தாள். ராயப்பன் கை ஒடிந்ததைப் பார்த்ததும் மற்ற நால்வரும் அவனை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

டேனியலையும் ராயப்பனையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். ஒரே வார்டு. இடையில் ஆறு கட்டில்.

எங்கள் பக்கத்தில் அடிதடிப் புகார் எழுதும்போது ஒரு கெட்ட வழக்கம் உண்டு. அடித்தவர்களை எழுதிவிட்டு, அந்த வீட்டில் அரசு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். அடித்தவன் ஜாமீனில் வந்துவிடுவான். வேலை போனால் திரும்பி வராது. ராயப்பன் மகன் அருள் போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தான். சம்பவம் நடந்த நேரத்தில் அவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "ஆறு பேர் வந்தார்கள்" என்று எழுதி, ஆறாவதாக அருள் பெயரைப் போட்டேன். இனித்தது.

சாயங்காலமே அவர்கள் பதில் புகார் கொடுத்தார்கள். அதில் முதல் பெயர் பெனிட்டா.

இன்ஸ்பெக்டர் இரண்டுக்கும் ரசீது மட்டும் தந்தார். விசாரித்துத்தான் வழக்குப் பதிவேன் என்றார். வழக்கில் பெயர் ஏறிவிட்டால் பெனிட்டாவின் ராணுவக் கனவு அன்றோடு முடிந்தது. நான் தினமும் மூன்று வேளை முழங்கால் போட்டேன். "கர்த்தாவே, என் பேத்தி பெயரை எடுத்துப்போடும். ராயப்பனின் மற்றக் கையையும் எடுத்துப்போடும்." பத்து நாளில் முப்பது தடவை இப்படித்தான் ஜெபித்தேன். வானம் இரும்பாக இருந்தது.

பயிற்சியும் கெட்டுப்போனது. தேர்வில் ஒரு சோதனை உண்டு. அறுபது சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். பதினைந்து விநாடிக்குள் மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். வீட்டில் நான் சொற்களைப் படிப்பேன், அவள் எழுதுவாள். தாளை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வாக்கியங்களில் அடி, வெட்டு, பழி. 'அப்பா' என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றுமே எழுதவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள், அவள் என் புகாரின் நகலைப் படித்திருக்கிறாள்.

"தாத்தா, ஆறு பேருன்னு போட்டிருக்கீங்க. வந்தது அஞ்சு பேருதான?"

"அந்தக் கலவரத்துல எவன் எண்ணுனான்?"

"நீங்களா எண்ணாம இருப்பீங்க? சோத்துல கெடக்குற மொளகக்கூட எண்ணுற ஆளு!"

"இப்ப அதுக்கு என்னாங்கிற? நீ போகலேன்னா அவனும் போகக் கூடாது."

"நான் அடிச்சேன் தாத்தா. என் பேரு வந்ததுல நெசம் இருக்கு. அருளண்ணன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. பெங்களூர்ல அந்த ஆபீசரு முன்னாடி உக்காந்து நடந்ததச் சொல்லணும்னா, எத்தனை பேருன்னு சொல்லட்டும்? அஞ்சா, ஆறா?"

செம்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். "உங்கப்பன் ரெத்தத்துக்கு இதுதான் நீ காட்டுற நன்றியா?" என்று கத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

வழக்கம்போல முழங்கால் போட்டேன். "என் பேத்தி பெயரை எடுத்துப்போடும்" என்றதும் நாக்கு நின்றுவிட்டது. அந்த வீட்டில் அருளின் தாய் ஸ்டெல்லாவும் இதே நேரத்தில், "என் மகன் பெயரை எடுத்துப்போடும்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. இரண்டு ஜெபமும் ஒரே வாசலுக்குத்தான் போகும். அவள் கேட்பதைத் தருவது என் கையில் இருந்தது. நான் தராமல் அடைத்து வைத்திருந்தேன். என் யோசனை அவ்வளவு தூரம் தானாகப் போகாது. அது கர்த்தருடைய சத்தம் என்றே இன்றும் நம்புகிறேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் இரண்டு வீட்டாரும் நின்றோம். ராயப்பன் கையில் மாவுக்கட்டு. அருள் சுவரோடு ஒட்டி நின்றான், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"சார், என் புகார்ல ஒரு பேரு பொய்," என்றேன். "வந்தது அஞ்சு பேரு. அருளு அங்க இல்ல. நான்தான் வேணும்னே சேத்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பெருசு, வெவரம் தெரிஞ்சுதான் பேசுறீங்களா? பொய்ப் புகாருன்னு உங்க மேலயே கேஸ் போடலாம்."

"போடுங்க சார். முதல்ல அந்தப் பேர அடிங்க."

டேனியல் துடித்தான். "யப்பா! என்னைய வெட்டிப் போட்டிருக்கான், நீ அவன் மகனுக்கு வக்காலத்து வாங்குறியா?"

நான் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மனசு மாறிவிடும் என்று பயந்தேன். அப்புறம் ஸ்டெல்லா தன் புருஷனின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "இன்னும் எதுக்கு வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறீக? சொல்லுங்க!"

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "எழுதிக்கங்க சார். ரெண்டாந் தடவ கழுத்துக்குத்தான் ஓங்குனேன். அந்தப் புள்ள அடிக்கலேன்னா இன்னைக்கு நான் கொலக் கேசுல உள்ள இருப்பேன். அப்பனக் காப்பாத்தத்தான் அடிச்சுச்சு. அது பேர எடுத்துருங்க."

"இத எழுதுனா உனக்குத்தான்யா வினை."

"தெரியும் சார். எழுதுங்க."

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். முப்பது ஜெபத்தில் நான் கேட்டதை அவர் செய்தார். ஆனால் நான் சபித்தவனின் வாயைக் கொண்டே செய்தார்.

ஐந்து பேர் மேல் மட்டும் வழக்கு பதிவானது. அது இன்னும் நடக்கிறது, ராயப்பன் தவறாமல் வாய்தாவுக்குப் போகிறான். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கி, எச்சரித்து அனுப்பினார்கள். டேனியல் இருபத்தாறு நாள் என்னோடு பேசவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பெனிட்டா பெங்களூர் போனாள். அவளோடு வந்தவர்கள் நூறு பேருக்கு மேல். கடைசி நாள் தேர்வானவர்களில் அவளும் ஒருத்தி. உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். அருளுக்கும் உடல்தகுதித் தேர்வில் வெற்றி. ஸ்தோத்திரம்.

இப்போதும் எனக்குக் கோபம் வரும். ராயப்பனைக் கண்டால் நெஞ்சில் உதை விழுந்த இடம் வலிக்கும். ஆனாலும் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்காமல் நான் சாப்பிடுவதில்லை. பதில் வராத ஜெபத்தோடு தவிக்கிற சகோதரரே, சகோதரியே, உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் கொடுத்த புகாரிலோ, பரப்பிய பேச்சிலோ குற்றமில்லாத ஒருவர் பெயர் இருக்கிறதா? இன்றைக்கே போய் அதை அடித்துவிட்டு வாருங்கள். உறவினர் ஏசுவார்கள், போலீஸ் அதட்டும், போங்கள். வந்து முழங்கால் போடுங்கள். அவர் கேட்கிறவர். எனக்கே கேட்டார் என்றால், உங்களுக்குக் கேட்க மாட்டாரா?