வெள்ளை வால் நுனி

1. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்தது.
2. கதவில்லாத மேல்தட்டில், பாடம் செய்த குள்ளநரி ஒன்றின் சீட்டில் ‘தேரிக்காடு’ என்றிருந்தது.
3. அதன் வால் நுனி வெள்ளையாக இருந்தது.

நம் பக்கத்துக் குள்ளநரிக்கு வால் நுனி கறுப்பு. வெள்ளை நுனி வடமேற்குப் பாலைவன நரிக்கு உரியது. உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் அது இருந்ததென்றால் பெரிய செய்தி. துறைத்தலைவர் அன்றே கட்டுரை எழுதத் தொடங்கினார். என் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னார். எனக்கு அது முதல் கட்டுரை.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. முதலில் சீட்டைச் சந்தேகித்தேன். அது காலோடு சேர்த்துத் தைத்த பழைய சீட்டு, மாறியிருக்க வழியில்லை. பிறகு வாலைப் பார்த்தேன். நுனி மயிர் விறைத்து, சுவரை ஒட்டிக் கிடந்தது. அருங்காட்சியக உதவியாளரிடம் கேட்டேன்.

“ஆய்வுக்குழு வருதுன்னா சுவருக்கு வெள்ளையடிப்போம்லா. இத நகத்துனா காது உதிருது. அதான் அங்கனயே நிக்கட்டும்னு விட்டுட்டோம்.”

“அப்ப வாலுக்கும் அடிச்சீங்களா அண்ணாச்சி?”

“ரெண்டு பூச்சு விழுந்திருக்கும்மா. கொடுத்துவச்ச நரி!”

சுண்ணாம்பு கரையட்டும் என்று வினிகர் தொட்ட பஞ்சால் நுனியை லேசாகத் துடைத்தேன். கறுப்பு தெரிந்தது.

துறைத்தலைவர் பஞ்சை வாங்கி முகர்ந்தார். “மீதி இன்னும் வெள்ளையாத்தானம்மா இருக்கு” என்றார்.

மீதியையும் அவர் முன்னாலேயே துடைத்தேன்.

பதிவில் ‘குள்ளநரி, தேரிக்காடு, வால் நுனி கறுப்பு’ என்று ஏற்றியிருக்கிறேன். கட்டுரை எங்கும் அனுப்பப்படவில்லை. அவர் அதை இன்னும் அழிக்கவுமில்லை.