மூன்றாவது குட்டை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவர் அவர். பத்தொன்பது வருட சர்வீஸ். நிலையம் முழுக்க அவருக்கு 'பம்ப் அக்கா' என்றுதான் பெயர். எதிரில் நிற்பவர் மேலதிகாரியா என்றெல்லாம் பார்த்துப் பேசுகிற வாய் இல்லை அது.

வலசைக் காலம் தொடங்கியதும் மூன்றாவது குட்டையில் மட்டும் சேறு தெரியும் அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுவார். வடக்கிலிருந்து வரும் உள்ளான் பறவைகள் அந்தச் சேற்றில் இறங்கிப் புழு பொறுக்கும். காலை ஷிப்ட் ஏறியதும் அவற்றை எண்ணி, பறவை பார்ப்போர் சங்கத்தின் பட்டியலில் செல்போனிலேயே பதிந்துவிடுவார்.

ஒரு வருடம் கரண்டிமூக்கு உள்ளான் ஒன்று வந்தது. எங்குமே லேசில் காணக் கிடைக்காத பறவை. அதையும் பதிந்தார். மறுநாள் வேலிக்கு வெளியே எட்டு கார்கள். கேமராக்காரர் ஒருவர் வேலிக்குள் புகுந்து, ஸ்டாண்டை நட்டுவிட்டுக் குட்டையில் கல்லை விட்டெறிந்தார்.

"எதுக்கு எறியுறீங்க?"

"பறந்தாதாம்மா படம் நல்லா வரும்."

பம்ப் அக்கா அந்த மூன்றுகால் ஸ்டாண்டைக் கேமராவோடு தூக்கிக் குட்டைக்குள் வீசினார். அது எந்தத் தண்ணீர் என்று தெரிந்ததால் அந்த ஆள் இறங்கி எடுக்கவில்லை. அக்காவுக்கு மெமோ வந்தது. கரண்டிமூக்கு திரும்பவில்லை.

சங்கச் செயலாளரான பல் டாக்டரம்மாவுக்கு போன் போட்டுக் கத்தினார். "உங்க பட்டியலைப் பாத்துட்டுத்தானே வந்தாங்க? இனிமே என்கிட்டேர்ந்து ஒரு குருவி பேரு வராது!"

சொன்னபடியே இரண்டு வருடம் எதையும் பதியவில்லை.

மூன்றாம் வருடம் புதிதாக வந்த இன்ஜினியர், அந்தக் குட்டையை மூடி லாரி நிறுத்த கான்கிரீட் போடப் போவதாகச் சொன்னார்.

"அது பறவை வர்ற இடம் சார்."

"எங்க வருது? பட்டியல்ல ரெண்டு வருஷமா ஒண்ணுமே இல்லையே."

"ஜன்னலைத் திறந்து பாருங்க!"

"நான் பாத்து என்னம்மா ஆகப்போகுது? பேப்பர்ல இருக்கணும்."

வீட்டுக்கு வந்தும் கொதிப்பு அடங்கவில்லை. பஸ் ஓட்டும் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ கோபத்துல வாயை மூடிக்கிட்டே. அவங்களுக்கு வசதியாப் போச்சு" என்றார்.

"தெரியும். அதை நீங்க வேற சொல்லணுமா?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இன்ஜினியர் மீதும் கல்லெறிந்தவன் மீதும் இருந்ததைவிட அதிக ஆத்திரம் அவருக்குத் தன் மேலேயே இருந்தது.

மறுநாள் காலை டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் என் நம்பர் ஞாபகம் வந்துச்சா?"

"திட்டுறதை நேர்ல வந்து திட்டுங்க. அதுக்குள்ள கலவை லாரி வந்துடும்."

டாக்டரம்மா கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தார். மூன்று காலைகள் இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். அதிகபட்சம் நானூற்றுப் பதினொன்று. சங்கம் அந்தக் கணக்கோடு தலைமை அலுவலகத்துக்குப் போனது. வாக்குவாதம் ஒரு மாதம் இழுத்து, பாதிக் குட்டை தப்பியது. மீதிப் பாதியில் இப்போது லாரிகள் நிற்கின்றன.

இன்ஜினியர் தப்பிய பாதியில் 'பறவைகள் பகுதி' என்று பலகை நட்டு, படம் எடுக்க அக்காவைக் கூப்பிட்டார். "பாதியை முழுங்கிட்டுப் பல்லைக் காட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் பம்ப் அறைக்குப் போய்விட்டார்.

இப்போது மறுபடி பதிகிறார். ஆனால் பறவைகள் கிளம்பிப் போய்ப் பத்து நாள் கழித்துத்தான்.